இராமநாதபுரம் கடற்கரைச் சாலைகளில் ஸ்போர்ட்ஸ் ரகக் காருக்கு டயர் காற்றழுத்தம் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு மே மாதத்து மதியம் இராமேஸ்வரத்திலிருந்து திரும்பும் வழியில், இராமநாதபுரம் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே ஒரு பெட்ரோல் பங்கில் என் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் காரை நிறுத்தினேன். காற்றழுத்தக் கருவி நான்கு டயர்களிலும் 38 பிஎஸ்ஐ காட்டியது. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருந்த அட்டையிலோ 33 என்று இருந்தது. காற்றடிக்கும் பையன் "அதிகமா இருக்கு சார், இறக்கிடட்டுமா?" என்று கேட்டான், நானும் தலையாட்டினேன். மறுநாள் விடியற்காலையில் வீட்டு வாசலில் அளந்தபோது நான்கிலும் 28.5-க்கு மேல் இல்லை. அதற்கு முந்தைய நாள் வரை திருப்பியவுடன் திரும்பிய கார், அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்புவது போல நடந்துகொண்டது. காரணம் புரிய எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் முன் டயர்களின் வெளி விளிம்பு மழுங்கத் தொடங்கியிருந்தது.

நடந்தது மிக எளிய இயற்பியல். அடைபட்ட காற்று சூடானால் அதன் அழுத்தம் ஏறும். 27 டிகிரி வெப்பத்தில் 33 பிஎஸ்ஐ இருக்கும் டயருக்குள் காற்று 57 டிகிரிக்குச் சூடானால், அழுத்தம் ஏறத்தாழ 37.8 ஆகிவிடும், பத்து டிகிரிக்குச் சுமார் 1.6 பிஎஸ்ஐ என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கார் நிறுவனம் அட்டையில் அச்சிடும் எண், டயர் ஆறிய நிலைக்கானது. ஓடிச் சூடான பிறகு அழுத்தம் ஏறும் என்பதைக் கணக்கில் கொண்டுதான் அந்த எண்ணை அவர்கள் முடிவு செய்கிறார்கள். சூடான டயரிலிருந்து அந்த எண் வரும்வரை காற்றை இறக்கினால், ஆறியதும் கார் நாலைந்து பிஎஸ்ஐ குறைவாக ஓடும். ஆகவே, இந்த வழிகாட்டியில் வரும் எண்கள் அனைத்தும், வேறுவிதமாகச் சொன்னாலன்றி, குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற காரில் அளந்த எண்கள் என்று கொள்ளவும்.

முதல் படி: தொடங்கும் எண்ணைக் கண்டுபிடித்தல்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில், இல்லையெனில் பெட்ரோல் மூடியின் உட்புறத்தில், ஓர் அட்டை இருக்கும். அதில் பெரும்பாலும் இரண்டு வரிகள் இருக்கும்: ஒன்று இரண்டு மூன்று பேர் பயணிக்கும்போது, மற்றொன்று முழுச் சுமையுடன். முன் டயருக்கும் பின் டயருக்கும் வெவ்வேறு எண்கள் இருக்கலாம். டயரின் பக்கச் சுவரில் 44 அல்லது 51 என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து அதுவே நிரப்ப வேண்டிய அளவு என்று எண்ணுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது அந்த டயர் ஏற்கக்கூடிய உச்ச வரம்பே தவிர, உங்கள் காருக்கான பரிந்துரை அல்ல.

ஸ்போர்ட்ஸ் ரகக் கார் வைத்திருப்பவர்களில் பலர் டயரையோ ரிம்மையோ மாற்றியிருப்பார்கள். அப்படி மாற்றியிருந்தால் அட்டையின் எண்ணை அப்படியே எடுக்காமல், அளவுக்குப் பின்னால் வரும் சுமைக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். 195/55 ஆர்16 87வி என்றால், 87 என்பது ஒரு டயர் 545 கிலோ தாங்கும் என்பதையும், வி என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தகுதி பெற்றது என்பதையும் குறிக்கும். புதிய டயரின் சுமைக் குறியீடு பழையதைவிடக் குறைவாக இருந்தால், அழுத்தத்தைக் கூட்டி அதைச் சரிக்கட்ட முயல வேண்டாம். அந்த டயரே தவறான தேர்வு. எக்ஸ்எல் என்று எழுதிய வலுவூட்டப்பட்ட டயருக்கு மாறியிருந்தால், அதே சுமையைத் தாங்க அதற்குச் சற்றுக் கூடுதல் காற்று தேவை. அதிக சுமை தாங்கும் டயர் என்பதால் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது பரவலாக இருக்கும் தவறான கணக்கு.

இரண்டாம் படி: அளவியும் அளக்கும் நேரமும்

சொந்தமாக ஒரு காற்றழுத்த அளவி வாங்கிக்கொள்ளுங்கள். பங்கில் உள்ள கருவி ஒருநாள் சரியாகவும் மறுநாள் இரண்டு பிஎஸ்ஐ தள்ளியும் காட்டலாம். உங்கள் அளவி சற்றுத் தவறாகக் காட்டினாலும், எப்போதும் ஒரே அளவுக்குத் தவறாகக் காட்டும் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அதைக் காருக்குள் வெயிலில் போட்டு வைக்காமல் வீட்டில் வைப்பது நல்லது. கையோடு பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் ஒரு சிறிய காற்றடிப்பான் இருந்தால், பங்கு வரை ஓட்டிப்போய் டயரைச் சூடாக்கும் சிக்கலே இராது.

நம் கடற்கரையில் அளக்க ஏற்ற நேரம் சூரியன் ஏறுவதற்கு முன். இதற்கு ஒரு காரணம் உண்டு. மே மாதத்து விடியற்காலைக்கும் டிசம்பர் விடியற்காலைக்கும் இங்கே சில டிகிரிதான் வித்தியாசம்; எனவே பனி பொழியும் நாடுகளுக்காக எழுதப்பட்ட, குளிர்காலத்தில் காற்றைக் கூட்டுங்கள் என்ற அறிவுரை நமக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இங்கே குழப்புவது வெயில்தான். கிழக்கு பார்த்த வாசலில் காலை எட்டு மணிக்கு நின்ற என் காரில், வெயில் பட்ட பக்கத்து டயர்கள் நிழலில் இருந்தவற்றைவிட இரண்டு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டின. கார் ஓர் அடிகூட நகரவில்லை. அந்த நேரத்தில் நான்கையும் சமப்படுத்தியிருந்தால், வண்டியின் இடமும் வலமும் வேறு வேறு அழுத்தத்தில் ஓடியிருக்கும்.

மூன்றாம் படி: சூடேறும் அளவைச் சோதித்தல்

அட்டையின் எண் பாதுகாப்பான தொடக்கம். அது உங்கள் ஓட்டும் முறைக்கும் உங்கள் டயருக்கும் சரியாக இருக்கிறதா என்பதை, ஓட்டத்தின் முன்னும் பின்னும் அளந்து தெரிந்துகொள்ளலாம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு இராமநாதபுரத்தில் நான்கு டயர்களையும் அட்டையின் எண்ணுக்கு நிரப்பி ஒரு நோட்டில் எழுதுங்கள். உச்சிப்புளி வழியாக மண்டபம் வரை உங்கள் வழக்கமான வேகத்தில், சட்ட வரம்புக்குள், ஓட்டுங்கள். நாற்பது நிமிட ஓட்டம் டயர் முழுமையாகச் சூடாகப் போதுமானது. மண்டபத்தில் நிறுத்தியவுடன், தேநீர் குடிக்கப் போகும் முன்பே, மீண்டும் நான்கையும் அளந்துவிடுங்கள். ஐந்து நிமிடம் தாமதித்தாலே எண் இறங்கத் தொடங்கிவிடும்.

நாலைந்து பிஎஸ்ஐ ஏறியிருந்தால் தொடக்க எண் சரி. ஆறுக்கு மேல் ஏறியிருந்தால், டயரின் பக்கச் சுவர் அளவுக்கு மீறி மடிந்து நிமிர்கிறது, அதனால் சூடாகிறது என்று பொருள், காற்று குறைவு. அடுத்த நாள் ஒரு பிஎஸ்ஐ கூட்டி மீண்டும் சோதியுங்கள். இரண்டு அல்லது அதற்கும் கீழே ஏறியிருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்: ஒன்று, நீங்கள் மிக மெதுவாக ஓட்டினீர்கள், மற்றொன்று, காற்று அதிகமாக இருந்து டயர் மடியவே இல்லை. இந்தச் சோதனையை விடியற்காலையில் செய்யச் சொல்வதன் நோக்கம், வெளிவெப்பம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதே. காலை எட்டு மணிக்குக் கிளம்பிப் பதினோரு மணிக்கு அளந்தால், ஏறிய அழுத்தத்தில் வெயிலின் பங்கு எவ்வளவு, டயரின் உழைப்பு எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது.

ஒரு நேரத்தில் ஒரு பிஎஸ்ஐ மட்டுமே மாற்றுங்கள். அட்டையின் எண்ணுக்குக் கீழே போகவே வேண்டாம்; மேலே மூன்றுக்கு மிகாமல் நில்லுங்கள். என் காரில் 33 என்று தொடங்கி, நான்கு காலைகளின் சோதனைக்குப் பிறகு, முன்னால் 34, பின்னால் 33 என்று நிலைத்தேன்.

நான்காம் படி: முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள உறவு

அதிகம் பேசப்படுவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்தப் பகுதிதான். இன்று நம்மிடம் விற்கும் ஸ்போர்ட்ஸ் ரக ஹேட்ச்பேக், செடான்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால் முன் டயர்கள் அதிக எடையையும், இழுவையையும், திருப்புதலையும், பிரேக்கின் பெரும்பங்கையும் சேர்த்துத் தாங்குகின்றன. முன் டயரில் சற்று அதிகக் காற்று இருந்தால் பக்கச் சுவர் இறுகி, ஸ்டியரிங்கைத் திருப்பிய நொடியே மூக்கு திரும்பும். காற்று குறைந்தால் சுவர் மடிந்து, வெளி விளிம்பு தரையில் உருண்டு, கார் வளைவின் வெளிப்புறமாக முன்னோக்கித் தள்ளிக்கொண்டு போகும்.

பின் டயர்களில் காற்றைக் கூட்டினால் அவற்றின் பிடி சற்றுக் குறைந்து, பின்பக்கம் எளிதாகச் சுழலும். பந்தயத் தடத்தில் முன்சக்கர இயக்கக் காரைக் கூர்மையாகத் திருப்ப அதைத்தான் செய்கிறார்கள். அதைப் பொதுச் சாலையில் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வளைவுக்கு நடுவே ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பீர்கள். எடை முன்னால் பாயும். அந்த நொடியில் பின்பக்கம் சுழலும் பழக்கமுள்ள கார் உங்களைச் சாலையை விட்டு வெளியே கொண்டுபோகும். முன் மூக்கு கொஞ்சம் தள்ளும் காரைச் சாதாரண ஓட்டுநரும் வேகத்தைக் குறைத்துச் சரிசெய்துவிடலாம். நிறுவனம் கொடுத்த முன்-பின் வித்தியாசத்தை ஒரு பிஎஸ்ஐக்கு மேல் மாற்றாதீர்கள்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வழியாகவும், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகவும் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை பெரும்பாலும் நேர்கோடு. மலைப்பாதை வளைவுகளுக்கென்று சொல்லப்படும் எண்கள் இங்கே பயன்படா. நமக்கு வேண்டியது நேராக நிலையாக ஓடும், நன்றாக பிரேக் பிடிக்கும், மழையில் தண்ணீரை விலக்கும் டயர். தரையில் படும் டயரின் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். அளவுக்கு மீறிக் காற்று நிரப்பினால் அது நடுவில் மட்டும் பட்டு, பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், பட்டனும் (தரையில் படும், பள்ளங்கள் வெட்டிய ரப்பர் பகுதி) நடுவில் தேயும்.

ஐந்தாம் படி: டயரையே கேட்டல்

டயரின் தோள்பட்டையில், அதாவது பட்டன் முடிந்து பக்கச் சுவர் தொடங்கும் விளிம்பில், சிறிய முக்கோணக் குறி ஒன்று இருக்கும். அந்த இடத்தில் பட்டனிலிருந்து பக்கச் சுவர் வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வழக்கமான சாலைகளில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு முக்கோணத்தின் முனை வரை அழிந்திருந்தால் நல்லது. அதைத் தாண்டிச் சுவர் வரை அழிந்திருந்தால் காற்று குறைவு. தோள்பட்டையில் கோடு சற்றும் அழியாமல் இருந்தால், சாலை வேகத்தில் அது இயல்பானதே. அதைக் காரணம் காட்டிக் காற்றை இறக்க வேண்டாம்.

வெப்பத்தைத் தொடாமல் அளக்கும் துப்பாக்கி வடிவக் கருவி இருந்தால், நிறுத்தியவுடன் பட்டனின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடங்களில் அளக்கலாம். நடு மட்டும் சூடாக இருந்தால் காற்று அதிகம். இரு விளிம்புகளும் சூடாக இருந்தால் குறைவு. ஒரு விளிம்பு மட்டும் மிகச் சூடாக இருந்தால் அதற்குக் காற்று காரணமல்ல. வீல் அலைன்மென்ட்டைப் பார்க்க வேண்டும்.

மழையும் காற்றும் மணலும் முள்ளும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நம் சாலைகளில் தண்ணீர் தேங்கும். டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை 1963-இல் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களைக் கொண்டு வாய்பாடாக வெளியிட்டார்கள். அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஏறத்தாழ 16.6-ஆல் பெருக்கினால் அந்த வேகம் கிடைக்கும். 25 பிஎஸ்ஐக்கு மணிக்கு 83 கிலோமீட்டர், 33-க்கு 95. கார் டயரின் அகலமும் பட்டன் ஆழமும் இந்த எண்களை மாற்றும். அகலமான ஸ்போர்ட்ஸ் டயர் இன்னும் முன்பே மிதக்கலாம். ஆனாலும் போக்கு தெளிவு: மழைக்காலத்தில் பிடி வேண்டும் என்று காற்றை இறக்குவது தலைகீழான வைத்தியம். பட்டன் 1.6 மில்லிமீட்டர் வரை தேயலாம் என்பது சட்ட எல்லை. 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததும் அடுத்த மழைக்கு முன் டயரை மாற்றிவிடுவதே என் வழக்கம்.

1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கக் காற்று காரைத் தள்ளும். பாலத்தின் இணைப்புகளில் தாழ்ந்த சுவர் கொண்ட டயர்கள் தடதடக்கும். காற்று குறைந்த டயரில் கார் பக்கவாட்டில் ஆடி, ஸ்டியரிங் திருத்தம் தாமதமாகும். அளவுக்கு மீறி நிரப்பிய டயரில் ஒவ்வோர் இணைப்பிலும் கார் துள்ளி இடம் நகரும். தேர்ந்தெடுத்த எண் சரிதானா என்று உணர எனக்குத் தெரிந்த நல்ல இடம் அதுவே. அங்கே மெதுவாகத்தான் செல்ல வேண்டும்.

தனுஷ்கோடியைக் கடந்து அரிச்சல்முனைக்குச் செல்லும் சாலையில் காற்று அடித்துக் கொண்டுவந்த மணல் மெல்லிய படலமாகக் கிடக்கும். எந்த அழுத்தமும் அதற்குத் தீர்வாகாது, வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி. ஜீப் ஓட்டுநர்களைப் பார்த்து 18 பிஎஸ்ஐக்கு இறக்கி மணலில் இறங்க வேண்டாம். தாழ்ந்த சுவர் டயர் அந்த அழுத்தத்தில் ரிம்மை விட்டு எளிதாகக் கழன்றுவிடும்.

சீமைக் கருவேல முள்ளைப் பற்றிச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் டயரைப் பற்றி எழுத முடியாது. டியூப்லெஸ் டயரில் அது ஏறினால் உடனே காற்றிறங்காது. முனை உள்ளேயே ஒடிந்து தங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று பிஎஸ்ஐ கசியவிடும். நோட்டில் எழுதும் பழக்கம் இருந்தால் இது மூன்றாவது வாரமே தெரிந்துவிடும், ஏனெனில் நல்ல டயர் மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பிஎஸ்ஐதான் இழக்கும்.

உப்பு

என் பின் டயர் ஒன்று தொடர்ந்து கசிந்தபோது முள்ளைத் தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. பஞ்சர் கடை அண்ணன் வால்வு மூடியைக் கழற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டார். பித்தளை வால்வு பின்னின் தலையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அதன் நடுவிலிருந்து கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. "டயர் நல்லாத்தான் இருக்கு தம்பி, வால்வுதான் அரிச்சுப் போச்சு" என்றார். மூடி இல்லாமல் ஓட்டியிருந்தது என் தவறு.

அழுத்தத்தைக் காட்டும் சென்சார் பொருத்திய சக்கரங்களில் வால்வுத் தண்டு அலுமினியமாக இருக்கலாம். அதில் சாதாரணப் பித்தளைப் பின்னைப் போட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நிக்கல் பூசிய பின்னையும் பிளாஸ்டிக் மூடியையும் கேட்டு வாங்குங்கள். அலாய் வீலில் டயர் அமரும் விளிம்பில் வெள்ளைத் தூள் படிந்தாலும் காற்று கசியும். டயரைக் கழற்றி, விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அதற்கான பசை தடவி மீண்டும் பொருத்தினால் சரியாகும். மீன் வண்டிகள் உப்புத் தண்ணீர் சிந்திய சாலையிலோ, வாலிநோக்கம் உப்பளப் பக்கமோ போய்வந்தால், அன்றே சக்கரங்களை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

சென்சார் இல்லாமல், சக்கரம் சுழலும் வேகத்தை வைத்து எச்சரிக்கும் அமைப்பும் உண்டு. காற்றை மாற்றியபின் அதை மறுபடி பதிவு செய்யாவிட்டால் அது பழைய எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். எந்த அமைப்பானாலும், அழுத்தம் கணிசமாகக் குறைந்த பிறகே விளக்கு எரியும். ஒன்றிரண்டு பிஎஸ்ஐயை அளவிதான் சொல்லும். நைட்ரஜனைப் பொறுத்தவரை, நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். ஈரமில்லாமல் இருப்பது அதன் நன்மை, மற்றபடி அதுவும் சூடானால் அதே கணக்கில் ஏறும்.

சுமை, தூரப் பயணம், ஸ்டெப்னி

குடும்பத்தோடு நான்கைந்து பேர், டிக்கி நிறையப் பைகள் என்று கிளம்பும்போது, முந்தைய இரவே அட்டையின் இரண்டாம் வரிக்கு மாறுங்கள். பின் டயர்களின் எண் அதில் கணிசமாக உயர்ந்திருக்கும். திரும்பி வந்து இறக்கியதும் மறுநாள் காலை பழைய எண்ணுக்கு வாருங்கள். கொடைக்கானல் போகிறவர்கள் குளிருக்காகக் காற்றைக் கூட்டத் தேவையில்லை: 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவி மூன்று பிஎஸ்ஐ போலக் கூடுதலாகக் காட்டும், குளிரால் இரண்டரை பிஎஸ்ஐ போல இறங்கும், ஒன்றை மற்றொன்று ஏறக்குறைய ஈடுகட்டிவிடும்.

ஸ்டெப்னியை மாதம் ஒருமுறை பாருங்கள். முழு அளவு ஸ்டெப்னி என்றால் அட்டையின் முழுச் சுமை எண்ணுக்கு நிரப்பி வைத்து, மாட்டும்போது தேவைக்கு இறக்கிக்கொள்ளலாம். இறக்குவது எளிது, தனுஷ்கோடிச் சாலையில் காற்றடிக்க இடம் தேடுவது கடினம். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னியாக இருந்தால் அதற்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ தேவை, வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டும் அதன் பக்கச் சுவரிலேயே எழுதியிருக்கும்.